மான்வனத்தில் ஒரு வரிசை

ஏழாம் மாதத்திலேயே மகளுக்குச் சிக்கல் வந்து மருத்துவமனையில் கிடந்தபோது வேண்டிக்கொண்டது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு திரும்பினால் புத்தர் முதல் உபதேசம் செய்த சாரநாத்துக்கு வந்து, அங்கிருக்கும் தமேக் ஸ்தூபத்தை மூன்று முறை வலம் வருகிறேன் என்று. பேரனுக்கு இப்போது இரண்டு வயது. இவ்வளவு நாள் இழுத்தடித்ததற்குப் புத்த பகவான்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாரணாசியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான். ஆட்டோவிலிருந்து காலைக் கீழே வைப்பதற்குள் வழிகாட்டி என்று நான்கு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் துணி விலக்கி ஒரு குட்டி புத்தர் சிலையைக் காட்டி, மண்ணிலிருந்து தோண்டி எடுத்தது என்று கிசுகிசுத்தான். அவன் பையில் அதே சிலை இன்னும் பத்து இருந்தது! அவர்களைத் தாண்டினால் சீட்டு வாங்கும் வரிசை, நல்ல வெயிலில்.

அங்கேதான் அது நடந்தது. நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் வந்து என் தோளைத் தொட்டு, முன்னால் நின்றுகொள்ளட்டுமா என்று சைகையில் கேட்டாள். எனக்கு முழங்கால் வலி, எரிச்சல். “எல்லாரும்தான் நிற்கிறோம், உன் முறை வரும்போது வா” என்று தமிழிலேயே சொல்லிப் பின்பக்கம் கையைக் காட்டினேன். பேச்சு புரியாவிட்டாலும் கை புரிந்தது. பேசாமல் போய்விட்டாள்.

முதல் சுற்று நன்றாகத்தான் போனது. உயர எழுந்து நிற்கும் அந்தச் செங்கல் மேட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ‘புத்தம் சரணம்’ என்று தொடங்கும் திரிசரணம் சொல்லி நடந்தேன். இரண்டாவது சுற்றில், கொடிகள் செதுக்கிய கல்வரிசையில் கை வைத்தபோது புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான நிக்ரோத மானின் கதை நினைவுக்கு வந்தது. மருத்துவமனையில் எத்தனை இரவு அதை மகளுக்குச் சொல்லியிருப்பேன்!

அரசனின் சமையலுக்குத் தினம் ஒரு மான் முறைவைத்துப் போகவேண்டும். ஒருநாள் சினைமான் ஒன்றின் முறை. குட்டி போட்டபின் நாங்கள் இருவருமே முறைக்கு வருகிறோம் என்று அது தன் தலைவன் சாகாவிடம் கெஞ்சுகிறது. உன் முறையை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது, போ என்கிறது சாகா. நியாயமான பேச்சுதான். ஆனால் அடுத்த மந்தையின் தலைவரான நிக்ரோதர், அதாவது முற்பிறவியில் மானாகப் பிறந்த நம் போதிசத்துவர், அரசனே உயிருக்கு அபயம் தந்திருந்தவர், தானே போய் வெட்டுக்கட்டையில் கழுத்தை வைத்தார். ஓடிவந்த அரசன் இரண்டு மான்களுக்கும் உயிர் தந்தான். அவர் விடவில்லை. மற்ற மான்கள்? நாலுகால் உயிர்கள்? பறவைகள்? மீன்கள்? கேட்டுக் கேட்டே எல்லாவற்றுக்கும் அபயம் வாங்கிவிட்டார்.

இத்தனை முறை கதை சொன்ன வாயால், வரிசையில் நின்று சாகாவின் வசனத்தைப் பேசியிருக்கிறேன். அதுவும் மான்வனம் என்றே பெயர் பெற்ற இந்தச் சாரநாத்தில்! கால் நகரவில்லை. கல்லில் நெற்றியை வைத்து அழுதுவிட்டேன்.

மூன்றாவது சுற்றை அப்படியே விட்டுவிட்டு அவளைத் தேடினேன். மான்கள் இருக்கும் வேலியோரம், மரநிழல், எங்கும் இல்லை. பக்கத்திலிருக்கும் மூலகந்தகுடி விகாரை என்ற புத்தர் கோயிலுக்குள் போனால் ஒரே நெரிசல், யாரோ முதுகில் இடிக்கிறார்கள். பொன்னிறத்தில், உபதேசம் செய்யும் தம்மசக்கர முத்திரையோடு புத்தர் அமர்ந்திருக்கிறார். மகளுக்காக நன்றி சொல்ல எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. மகளுக்காகச் சொன்ன அங்குலிமால பரித்தம்தான், கர்ப்பிணிகளுக்காக ஓதும் அந்தக் காப்புப் பாட்டுதான் வந்தது. “சொத்தி தே ஹோது, சொத்தி கப்பஸ்ஸ.” உனக்கும் உன் கருவுக்கும் நலம் உண்டாகட்டும். முகம்கூடச் சரியாக நினைவில்லாத அந்தப் பெண்ணுக்காகத் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல மகளும் பேரனும் அதற்குள் வந்துவிட்டார்கள், பகவானே, உனக்கு எப்படி நன்றி சொல்வேன்!

மூடும் நேரம் நெருங்க, காவலர் விசில் ஊத ஆரம்பித்துவிட்டார். ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவந்து மூன்றாவது சுற்றை அவள் பேரில் முடித்தேன்.