தோளுக்கு இலேசாக ஒரு பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டார் பெரும்பாலும் நாலு கிலோவில் தொடங்கி நாலரைக் கிலோ வரை இருக்கும். கடையில் பத்து நிமிடம் மாட்டிப் பார்க்கும்போது அது ஒரு பொருட்டாகத் தெரியாது. வெள்ளவத்தையில் ஒரு திருமண வரவேற்புக்கு மூன்று மணி நேரம் நின்று வாசித்துவிட்டு, மறுநாள் காலையில் இடது கையைத் தலைக்கு மேலே தூக்க முயன்றால் தெரியும். "வயது போகிறது, இனி இருந்து வாசியுங்கள்" என்றார்கள் வீட்டில். பேஸ் வாசிப்பவன் கதிரையில் இருந்தால் மேளக்காரனோடு கண் பார்த்து வாசிக்க முடியாது. மூன்று கிலோவுக்குள் ஒன்றைச் செய்துவிடுவதே எனக்குச் சுலபமாகப் பட்டது.

இலேசான மரம் கிடைத்தால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி வேலைகூட இல்லை. உடலை மட்டும் இலேசாக்கினால் கிட்டாரின் தலை நிலத்தை நோக்கிச் சாயும். வாசிக்கும் இடது கையே அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிவரும். தோளில் இருந்த வலி மணிக்கட்டுக்கு இறங்கும். 1951இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது அதன் உடலின் மேற்புறக் கொம்பை முன்னே நீட்டி வைத்ததும் இந்தச் சமநிலைக்காகத்தான். தோள்பட்டி மாட்டும் ஆணி 12ஆம் ஃபிரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) நேரே வந்தால் தலை பெரும்பாலும் அடங்கி நிற்கும்.

ஆகவே மரக்காலைக்குப் போகுமுன் தலையை நிறுத்தேன். பழைய கிட்டாரில் கம்பி முறுக்கும் கீ ஒன்றைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்தால் நூறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. கனடாவில் இருக்கும் மச்சான் மூலம் எடுப்பித்த அலுமினியக் கீ அதில் ஏறக்குறையப் பாதி. நாலுக்கும் சேர்த்து 180 கிராம் மிச்சம். இது சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் பட்டி ஆணியிலிருந்து கீகள் 48 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கின்றன. உடலின் எடை மையமோ மறுபக்கம் 24 சென்ரிமீற்றரில். தூரம் இரட்டிப்பு என்பதால் தலையில் 180 கிராம் குறைத்தவனுக்கு உடலில் 360 கிராம் குறைக்க உரிமை கிடைக்கிறது. தலையே இல்லாத கிட்டார்களை அமெரிக்க வடிவமைப்பாளர் நெட் ஸ்டைன்பெர்கர் 1980 அளவிலேயே செய்து காட்டிவிட்டார். அதற்கான பிரிட்ஜின், அதாவது உடலில் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதியின், விலையைப் பார்த்துவிட்டு அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

அதே கணக்குத்தான் கம்பியின் நீளத்தையும் தீர்மானித்தது. வழமையான 34 அங்குலத்தை விட்டு 30 அங்குலத்துக்கு வந்தேன். கழுத்து குறுகினால் தலை தோளுக்குக் கிட்ட வரும்.

மரம் மலைவேம்பு. கொழும்பு, மொரட்டுவை மரக்காலைகளில் லுணுமிதெல்ல என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். சீலிங் அடிக்கும் மரம் என்பதால் அதில் கிட்டார் செய்யப்போவதாகச் சொன்னால் சிரிப்பார்கள், நான் சொல்லவில்லை. ஒரே அளவில் அறுத்த பலகைகளிலும் எடை கணிசமாக வேறுபடும். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பயணப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கொண்டுபோய் ஒவ்வொரு பலகையாகத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அங்கிருந்த பையன்களுக்கு அது நல்ல வேடிக்கை. ஆனால் ஈரப் பலகையும் பாரமாகத்தான் இருக்கும். எனவே விலகிய நாரோ முடிச்சோ இல்லாமல், கன்னத்தில் வைத்தால் குளிராத பலகைகளாகப் பார்த்து எடுத்தேன். பிறகு மேல் மாடி அறையில் இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, வாராவாரம் நிறுத்து, எடை இறங்குவது நின்ற பிறகே கை வைத்தேன். கொழும்புக் காற்றில் இதற்கு அவசரம் கூடாது.

அறுக்கவும் ஒட்டவும் கொட்டாஞ்சேனையில் கட்டில், அலுமாரி செய்யும் ஒரு தச்சரிடம் போனேன். பலகையை நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகம் பதிந்தது.

"தம்பி, இதில் திருகாணி நிற்காது. கம்பி எவ்வளவு இழுக்கும்?"

"நாலும் சேர்ந்து அறுபது கிலோ அளவில் இழுக்கும், ஐயா."

"அப்படியென்றால் நடுவில் முள்ளந்தண்டு வைக்க வேண்டும்."

இந்தக் கிட்டார் நிற்பது அந்த ஒரு வசனத்தால்தான். உடலின் நடுவே எட்டுச் சென்ரிமீற்றர் அகலத்தில் மஹோகனிப் பட்டை, இரு பக்கமும் மலைவேம்பு. கழுத்தைப் பூட்டும் திருகாணிகள், பிரிட்ஜ், பட்டி ஆணிகள் எல்லாம் மஹோகனியில் இறங்குகின்றன. மேல் கொம்பு மலைவேம்பு என்பதால் அதன் நுனியில் மட்டும் மஹோகனிக் கட்டை ஒன்றைப் பதித்தார். குழி வெட்டும் ரவுட்டர் இயந்திரம் போட்டபோது மலைவேம்பு பஞ்சுபோல நார் விட்டது. புதிய வெட்டலகு மாட்டி, ஒரு தடவைக்கு இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் ஆழம் போகாமல் வெட்டியதும் அடங்கியது.

கழுத்தும் மஹோகனி. மேப்பிளை விட இலேசு, இங்கே கிடைக்கும். உள்ளே, கம்பிகளின் இழுவைக்குக் கழுத்து வளையாமல் பிடிக்கும் உலோகத் தண்டான டிரஸ் ரொட். விரற்பலகைக்குப் பழைய வீடொன்றை உடைத்தபோது வந்த முதிரைத் துண்டு. வன்னிப் பக்கத்தவருக்கு முதிரையின் உறுதியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வாள் பல் இரண்டு தடவை தீட்டப்பட்டது.

ஃபிரெட் இடைவெளிக்குக் கணக்கு எளிது: மீதிக் கம்பி நீளத்தை 17.817ஆல் வகுத்துக்கொண்டே போக வேண்டும். 30 அங்குலம், அதாவது 762 மில்லிமீற்றருக்கு முதல் ஃபிரெட் 42.77இல் விழும், 12ஆவது சரி பாதியில், 381இல். குறிக்கும்போது ஒவ்வொன்றையும், கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் தங்கும் நட்டிலிருந்தே அளந்தேன். முந்திய கோட்டிலிருந்து அளந்தால் தலைமுடி அளவுப் பிசகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மேல் ஃபிரெட்டுகளில் சுருதி கலைந்துவிடும்.

மின் வேலைக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு போதும். 250 கிலோ ஓம் வொலியூம் ஒன்று, டோன் ஒன்று, 0.047 மைக்ரோ ஃபரட் கொள்ளளவி. கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப் மட்டும் மச்சானின் பெட்டியில் வந்தது. மின் இரைச்சல் புகாமலிருக்கக் குழியின் உட்புறம் முழுவதும் செப்பு நாடா ஒட்டி, பிரிட்ஜிலிருந்து புவி இணைப்புக் கம்பி இழுத்தேன். பேஸில் இதை விட்டால் தண்டனை அதிகம்: ஈ கம்பியின் மூன்றாம் ஃபிரெட் 49 ஹேர்ட்ஸ், நம் வீட்டு மின்சாரத்தின் உறுமல் 50. இரண்டும் சேர்ந்து அலைபாயும்.

பூச்சுக்குத் தை மாத வெயில் வரும்வரை பொறுத்தேன். மழைக்கால ஈரத்தில் லக்கர் அடித்தால் பால்போல வெளுத்துவிடும். காலை பத்து மணிக்குப் பிறகு, மெல்லிதாக, மங்கல் லக்கர். தடித்த பூச்சும் எடைதான்.

கம்பி மாட்டி நிறுத்தபோது 2.8 கிலோ. பட்டியில் தொங்கவிட்டுக் கையை எடுத்தால் கழுத்து கிடையிலிருந்து சற்றே மேல்நோக்கி நிற்கிறது. ஒரு குறை உண்டு: 30 அங்குலத்தில் அதே தடிப்புள்ள கம்பியின் இழுவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவதால், ஈ கம்பி முதலில் தளர்ந்து சடசடத்தது. அதை மட்டும் ஒரு படி தடித்த கம்பியாக மாற்றி, பிக்கப்பை அந்தப் பக்கம் சற்றுத் தாழ்த்தினேன். ஏ, டி, ஜி மூன்றும் வந்த கம்பிகளோடே இருக்கின்றன.