சுங்கை சிப்புட்டில் கோழி விலையும் தோட்டப் பாதையும்: ஒரு வரைபடம் உருவான விதம்

கேள்வி சின்னதுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில், தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வீட்டு வரிசை) மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் பத்து நிமிடத்துக்குள் எந்தெந்தக் கடைக்குப் போய்ச் சேரலாம், அங்கே ஒரு கிலோ கோழி என்ன விலை, வெங்காயம் என்ன விலை? இதை ஒரே தாளில் காட்ட வேண்டும். தரவும் இலவசம், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் இலவசம். ஆனால் மூன்று இடத்தில் வேலை சிக்கிக்கொள்ளும்: எல்லை, முகவரி, தோட்டப் பாதை. மூன்றாவதுதான் அதிக நாள் பிடிக்கும்.

முதலில் எல்லை. சுங்கை சிப்புட் தனி மாவட்டம் அல்ல, கோலகங்சார் மாவட்டத்துக்குள் அடங்கிய ஊர். மாவட்டத்தின் பெயரைக் கொடுத்து வடிகட்டினால் கோலகங்சார் பட்டணத்துக் கடைகளும் சேர்ந்து வந்துவிடும். நாடாளுமன்றத் தொகுதியாகத் தேடினால் பி.062 சுங்கை சிப்புட் கிடைக்கும். அதற்குள் லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். புள்ளிவிவரத் துறையின் 'காவாசான்கூ' பக்கம் 2020 மக்கள்தொகைக் கணக்கைத் தொகுதிவாரியாகவே தருகிறது. பார்க்க வசதியாக இருக்கும். ஆனால் தொகுதி மலைக்காட்டில் இருக்கும் பூர்வகுடி கிராமங்கள் வரை நீள்கிறது. அதன் சராசரியை எடுத்துப் பட்டணத்தின் மேல் ஒட்டினால், அங்கேயும் பொருந்தாது, இங்கேயும் பொருந்தாது. ஆகவே இரண்டு எல்லை வைத்துக்கொண்டோம். கடைகளுக்கு 31100 என்ற அஞ்சல் குறியீடு. வரைபடச் சட்டத்துக்கு, ரயில் நிலையத்தை மையமாக வைத்து 12 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம்.

விலைத் தரவு 'பிரைஸ்கேச்சர்'. உள்நாட்டு வாணிப அமைச்சு கடைகளில் திரட்டும் விலைகள் 2022 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு ஒரு கோப்பாக அரசின் திறந்த தரவுத் தளத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு வரிசையிலும் நான்கே விவரம்: தேதி, கடைக் குறியீடு, பொருள் குறியீடு, விலை. கடையின் பெயர், முகவரி, வகை, மாநிலம், மாவட்டம் எல்லாம் வேறொரு கோப்பில். பொருளின் பெயரும் அளவும் இன்னொன்றில். மூன்றையும் டக்டிபி என்ற தரவுத்தள மென்பொருளில் இணைத்தோம். எக்செல்லில் திறக்க வேண்டாம். அது 1,048,576 வரிசையோடு நின்றுவிடும், அதற்குக் கீழே இருந்ததைத் தேடக்கூடத் தோன்றாது. இணைக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு கோப்பின் குறியீடு முழு எண்ணாகவும் மற்றதில் தசம எண்ணாகவும் படிக்கப்பட்டால், அதை எழுத்தாக மாற்றி இணைக்கையில் '12' வேறு, '12.0' வேறு என்றாகி ஒரு கடையும் பொருந்தாது. இரண்டையும் முழு எண்ணாக மாற்றிய பிறகே இணைக்க வேண்டும்.

முகவரியில் 31100 இருக்கும் கடைகளை எடுத்த பிறகு, எண் விடுபட்டவற்றுக்காக 'சுங்கை சிப்புட்', 'எஸ்ஜி சிப்புட்', 'எஸ்ஜி' பக்கத்தில் புள்ளி வைத்தது என்று மூன்று விதமாகத் தேடினோம். பேராக்கிலேயே கோப்பெங், கம்பார் பக்கம் சுங்கை சிப்புட் செலாத்தான் (தெற்கு) ஒன்று இருக்கிறது. 'உத்தாரா' (வடக்கு) என்று சேர்க்காமல் தேடினால் அந்த ஊரும் கலந்துவிடும்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நிதானம் வேண்டும். கோழிக்கு 'ஸ்டாண்டர்ட்' கழுவிய கோழி, ஒரு கிலோ. பெரிய வெங்காயத்துக்கு இந்தியாவிலிருந்து இறக்குமதியாவது மட்டும். வேறு நாட்டு வெங்காயம் தனிப் பொருளாகப் பதிவாகிறது; ஒரு கடைக்கு அதையும் மறு கடைக்கு இதையும் எடுத்தால் நாம் ஒப்பிடுவது கடைகளை அல்ல, நாடுகளை. ஒவ்வொரு கடைக்கும் அந்த மாத விலைகளின் நடு மதிப்பை எடுத்தோம், சராசரியை அல்ல. புள்ளி தவறி 9.40 என்பது 94.0 என்று ஒரே ஒரு முறை பதிவானாலும் சராசரி கெட்டுவிடும். பழைய மாதங்களோடு ஒப்பிடுகிறவர்கள் கோழியின் வரலாற்றையும் மனத்தில் வைக்க வேண்டும். 2022 ஜூலை 1 முதல் கிலோ 9 ரிங்கிட் 40 சென் உச்ச விலையாக இருந்தது. உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் 2023 நவம்பர் 1-இல் நீக்கப்பட்டன. அதற்கு முந்திய மாதங்களை வரைபடமாக்கினால் பெரும்பாலும் ஒரே நிறமாக நிற்கும். அதைக் கடைகளின் ஒற்றுமை என்று படிக்கக்கூடாது, அது விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கோடு.

கடைப் பட்டியலில் முகவரி உண்டு, அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிடையாது. யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் நாமினேட்டிம் சேவையில் முகவரியைக் கொடுத்து இடத்தைப் பெறலாம். விநாடிக்கு ஒரு கேள்விக்கு மேல் அனுப்பக்கூடாது என்பது அதன் விதி. பெரிய நகரத்தில் நன்றாக வேலை செய்யும். தோட்டப் பட்டணத்தில், கடை எண்ணும் தாமான் (குடியிருப்பு) பெயரும் புரியாதபோது அது ஊரின் நடுப்புள்ளியையே பதிலாகத் தந்துவிடுகிறது. பிழைச் செய்தி வராது. நான்கைந்து கடைகள் ஒரே புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும், படத்தில் ஒரு கடை போலத் தெரியும். ஒரே ஆயத்தொலைவு இரண்டு முறை வந்தால் அந்த வரிசைகளைத் தனியே எடுத்து, நேரில் போய் கைப்பேசியில் குறித்துவிடுங்கள். சிறிய ஊரில் ஒரு சாயங்கால வேலை அது.

பள்ளிகளைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்வி அமைச்சின் பள்ளிப் பட்டியலில் ஆயத்தொலைவு இருக்கிறது; எக்ஸ் என்பது தீர்க்கரேகை (இங்கே 101 சொச்சம்), ஒய் என்பது அட்சரேகை (4 சொச்சம்). அந்த எண்ணை நம்புங்கள், பெயரை வைத்து இடம் தேடாதீர்கள். தோட்டத்திலிருந்து தாமானுக்கு இடம் மாறிய பிறகும் 'லாடாங்' (தோட்டம்) என்ற சொல்லைப் பெயரில் சுமந்து நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் நாட்டில் நிறைய உண்டு. பெயரைப் பார்த்துப் புள்ளி வைத்தால், பிள்ளைகள் யாரும் போகாத செம்பனைக் காட்டுக்குள் பள்ளி போய் நிற்கும்.

இனி பாதை. கியூஜிஐஎஸ்ஸில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை இறக்கும் குவிக்ஓஎஸ்எம் நீட்சியைப் போட்டு, வட்டத்துக்குள் இருக்கும் எல்லாச் சாலைகளையும் இறக்கினோம். உடனே ப்ரொஜெக்‌ஷனை மீட்டரில் அளக்கும் யூடிஎம் 47 வடக்கு (இபிஎஸ்ஜி 32647) ஆக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் '5 மீட்டர்' என்று கொடுப்பதை மென்பொருள் 5 பாகை என்று எடுத்துக்கொள்ளும். பிறகு வேகம் என்று ஒரு நிரல்: தார்ச் சாலைக்கு மணிக்கு 40 கிலோமீட்டர், தோட்டத்து மண் பாதைக்கு 15. குறித்த நேரத்துக்குள் எதுவரை போகலாம் என்று காட்டும் 'சர்வீஸ் ஏரியா' கருவியில் 'ஃபாஸ்டஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பயணச் செலவை மணிக்கணக்கில் கேட்கும். பத்து நிமிடத்துக்கு 0.1667. அங்கே 10 என்று போட்டால் பத்து மணி நேரமாகிவிடும். இறக்கிய சாலை அத்தனையும் நிறம் பெற்றுவிடும்.

முதல் முறை ஓட்டியபோது தோட்டங்களிலிருந்து கிளம்பிய கோடுகள் பல, பெரிய சாலையைத் தொடும் இடத்தில் நின்றுபோயின. ஒரு சந்திப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். மண் பாதை தார்ச் சாலையை நோக்கி வந்து, மூன்று மீட்டர் இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. திரையில் கோடுகளின் தடிமன் அந்த இடைவெளியை மூடிவிடுவதால் கண்ணுக்குச் சேர்ந்தது போலத்தான் இருக்கும். கணக்குப் போடும் கருவிக்கு அது சேராத பாதை, மோட்டார் தாண்டாது. டாப்பாலஜி டாலரன்ஸ் (இவ்வளவு இடைவெளி இருந்தாலும் சேர்ந்ததாகவே கொள் என்னும் அமைப்பு) 5 மீட்டர் கொடுத்தால் சில இடங்கள் சரியாகும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் பாதைகளை இல்லாத இடத்தில் சேர்த்தும் வைக்கும். ஆகவே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திருத்தும் ஜேஓஎஸ்எம் மென்பொருளில் ஒவ்வொரு சந்திப்பாகத் திறந்து, கடைசிப் புள்ளியைச் சாலையில் ஒட்டிப் பதிவேற்றினோம். அடுத்து வரைகிறவருக்கும் அது உதவும். புதுப் பாதைகளை வான்படத்தில் தேடினால் செம்பனை மட்டை மறைத்துவிடும். ஓட்டிப் பார்த்து ஜிபிஎஸ் தடம் எடுக்க வேண்டும். மர நிழலில் தடம் பத்து மீட்டர் வரை விலகும் என்பதால், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று இரண்டு தடம் எடுத்து நடுவில் வரைவது நல்லது. தோட்டக் கேட் ராத்திரியில் மூடப்படும் இடங்களைத் தனியாகக் குறித்து, பகலுக்கு ஒரு படமும் இரவுக்கு ஒரு படமும் போட்டோம். இரவுப் படத்தில் சில லயங்களுக்குப் பத்து நிமிடக் கடை ஒன்றுமே இல்லை.

கருவி தருவது கோடுகள்தான். அவற்றைச் சுற்றி 100 மீட்டர் பஃபர் (சுற்றுப் பட்டை) போட்டால் போதும். வெளிப்புள்ளிகளை இணைத்துப் பலகோணமாக்கினால், பாதையே இல்லாத காடும் 'அடையக்கூடிய இடம்' ஆகிவிடும்.

நிறத்தில் தவறுவது எளிது. மென்பொருள் தானாகப் பிரிக்கும் ஐந்து பங்கை ஏற்றுக்கொண்டால், 20 சென் கூடுதலாக விற்கும் கடை அடர்சிவப்பாக நின்று பாவம் கொள்ளைக்கடை போலத் தெரியும். 50 சென்னுக்கு ஒரு படி என்று நாமே வகுக்க வேண்டும். பயணச் செலவையும் பக்கத்தில் எழுதினோம். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் என்று வைத்து, மானிய பெட்ரோலான பூடி95 விலையான 1 ரிங்கிட் 99 சென்னில் கணக்கிட்டால், போக வர 24 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 ரிங்கிட் 20 சென் ஆகிறது. ஒரே ஒரு கோழி வாங்க, கிலோவுக்கு 50 சென் மலிவான கடையைத் தேடிப் போவதில் லாபமில்லை என்பது அப்போது படத்திலேயே தெரியும்.

நாங்கள் விடாமல் பிடித்துக்கொண்ட ஒன்று: வெற்றிடம் இரண்டு வகை. விலை கண்காணிக்கப்படும் கடைகள் ஊரின் எல்லாக் கடைகளும் அல்ல. தோட்டத்து ஒட்டுக்கடையும் வாரச் சந்தைத் தட்டும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. எல்பில், டோவன்பி, ஹீவூட் போன்ற தோட்டப் பக்கங்களில் படம் வெறுமையாக இருந்தால், அங்கே கடை இல்லை என்று பொருளல்ல. விலை தெரிந்த கடைக்கு நிரம்பிய வட்டம், கடை உண்டு விலை இல்லை என்பதற்கு வெறும் வளையம், யாரும் போய்ப் பார்க்காத இடத்துக்குச் சாய்கோடு என்று மூன்றாகப் பிரித்தோம். இதைச் செய்யாத வரைபடம் தோட்டத்து மக்களை இல்லாதவர்களாக்கிவிடும். வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் கட்டடங்களை மட்டும் வேண்டுமென்றே குறிக்கவில்லை. அந்தத் தகவலால் அவர்களுக்குத் தீங்கு வரக்கூடும்.

பெயர்கள் தமிழிலும் வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயருக்குத் தனி இடம் உண்டு. 'கோயில் லயம்', 'பெரிய டிவிஷன்' போன்ற வழக்குப் பெயருக்கும் உண்டு. அங்கே வாழ்ந்த இரண்டு பேராவது ஒரே பெயரைச் சொன்ன பிறகே எழுதினோம். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். சாலையோடு வளையும் லேபிள் வேண்டாம். 'கொ' என்ற எழுத்தின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடக்கூடும். எழுத்திடைவெளியையும் கூட்டக்கூடாது. பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்தை உருவக் கோடாக மாற்றும் தேர்வைப் போட்டால், அச்சுக்கடைக் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் கெடாது. மூலையில் விலை மாதம், பாதை சரிபார்த்த தேதி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களின் பெயர்க்குறிப்பு மூன்றும் இருக்க வேண்டும்.

விலை லேயரை மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். பாதையை மழைக்காலத்துக்குப் பிறகு மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். வாய்க்கால் மேல் போட்ட பலகைப் பாலம் ஒன்று அடித்துப்போனால், தோட்டத்தின் ஒரு முழு டிவிஷனின் (பிரிவின்) பத்து நிமிட வட்டம் சுருங்கிவிடுகிறது.