ஊதிப் பார்த்தார்கள், குத்திப் பார்த்தார்கள்

மார்கழி பிறந்தால் விடியற்காலை எனக்கு மூச்சு இளைப்பு எடுக்கும். குளிர்ச்சி உடம்பு என்று வாழைப்பழம், தயிர், இளநீர் எல்லாவற்றுக்கும் வீட்டில் தடை. நுரையீரல் மருத்துவரோ சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி கேட்டுவிட்டு, என்ன மெத்தையில் படுக்கிறேன் என்று நிறைய விசாரித்தார்.

முதலில் ஸ்பைரோமெட்ரி, அதாவது மூச்சை ஊதி அளக்கும் டெஸ்ட். மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் கவ்வி, மூச்சு முழுவதையும் ஒரே வீச்சில் தள்ள வேண்டும். "ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்!" என்று டெக்னீஷியன் பிரசவ அறை நர்ஸ் மாதிரி கத்தினார். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மருந்தை இழுக்கச் சொல்லி, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதல். முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால், சுருங்கிய குழாய் மருந்துக்கு விரிகிறது என்று கணக்கு. எனக்குக் கூடியது.

அலர்ஜி டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள்; அது உடம்பில் இருந்தால் தோல் தடிக்காது. முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து லேசாகக் குத்துகிறார்கள். வலி இல்லை, ஆனால் சொறியக்கூடாது என்பதுதான் கொடுமை. தூசிப்பூச்சிக்குப் பெரிதாகத் தடித்தது, கரப்பானுக்குக் கொஞ்சம். உணவில் எதற்கும் இல்லை. தடித்ததெல்லாம் நோய்க்குக் காரணம் ஆகிவிடாது, இளைப்பு வரும் நேரத்தோடும் இடத்தோடும் பொருந்த வேண்டும் என்றார் மருத்துவர். இலவம்பஞ்சு மெத்தை பொருந்தியது. அதில் நம் தோல் செதிலைத் தின்று வாழும் அந்தப் பூச்சியின் எச்சம்தான் வினை. மெத்தைக்கு ஜிப் வைத்த உறை போட்டோம். போர்வை, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி சுடுநீரில் துவைக்கிறோம். சாம்பிராணிப் புகை இந்த டெஸ்டில் தெரியாது. அது அலர்ஜி இல்லை, வெறும் எரிச்சல்; ஆனாலும் இளைப்பைக் கிளப்பும். இதை மாமியாருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இன்ஹேலர் பம்ப் பழகிவிடும் என்று பயமுறுத்தாத உறவினர் கிடையாது. சால்பூட்டமால் உள்ள நீல பம்ப் மூச்சுக்குழாயைச் சட்டென விரிக்கும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்துக்குத்தான் தினமும் பியூடெசொனைடு கலந்த இன்ஹேலர். ஸ்டீராய்டுதான், ஆனால் மாத்திரையில் மில்லிகிராம், இதில் மைக்ரோகிராம். பம்புக்கும் வாய்க்கும் நடுவே ஸ்பேசர் என்ற கூடு வைத்து இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கி, பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் வாயில் வெள்ளை படியும். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நீல பம்ப் தேவைப்பட்டால், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வந்துவிடச் சொல்லியிருக்கிறார்.