ஓணத்துக்காக ஒரு தேதி டேபிள்: பவர் பிஐ-யில் நான் பட்ட பாடு

மார்த்தாண்டம் பக்கம் ஏத்தங்காய் சிப்ஸ் மொத்தமாகப் போடுகிற கடையில் கணக்கு பார்க்கிறேன். சரக்கில் பெரும்பகுதி களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போவது, அதனால் ஓணம்தான் எங்களுக்கு சீசன். 2024 செப்டம்பர் 2-ஆம் தேதி முதலாளி அண்ணாச்சி, பவர் பிஐ என்கிற மைக்ரோசாஃப்ட் மென்பொருளில் நான் போட்ட விற்பனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மக்கா, போன வருசம் ஆகஸ்டைவிட இந்த ஆகஸ்ட் இப்படிப் படுத்துக் கெடக்கே, என்ன காரியம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதுவரை விற்பனை டேபிளில் இருக்கிற பில் தேதியை அப்படியே போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். சரி, முறையாக நாளுக்கு ஒரு வரி என்று தனி தேதி டேபிள் வைத்துப் பார்ப்போம் என்று அன்று ராத்திரி உட்கார்ந்தேன். காலண்டர் ஃபங்ஷனில் 2022 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை கொடுத்தால் ஒரு நாள் விடாமல் டேபிள் வந்துவிடும். அதிலிருந்து பில் தேதிக்கு 'ஒன்றுக்குப் பல' என்று, அதாவது ஒரு நாளுக்குப் பல பில் என்று, உறவு (ரிலேஷன்ஷிப்) போட்டேன். எந்தப் பிழையும் காட்டாமல் இரண்டு டேபிளுக்கும் நடுவே கோடு விழுந்தது, ஆனால் மாதவாரியாக இழுத்தால் முக்கால்வாசி விற்பனை பெயரே இல்லாத ஒரு வெற்று வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டது.

காரணம் நேரம். பில்லிங் சாஃப்ட்வேர் தேதியோடு காலை 10:42 என்று நேரத்தையும் சேர்த்தே அனுப்புகிறது, தேதி டேபிளிலோ ஒவ்வொரு நாளும் நள்ளிரவு 12 மணி, இரண்டும் எப்படிப் பொருந்தும்? நான் முதலில் ஃபார்மேட்டை மாற்றி நேரத்தை மறைத்துப் பார்த்தேன், அது கண்ணுக்குத்தான் மறையும், உள்ளே அப்படியே இருக்கும். பவர் பிஐ-யில் தரவைச் சுத்தம் செய்கிற பகுதியான பவர் குவெரிக்குள் போய் டேட்டா டைப்பையே 'டேட்' என்று மாற்றிய பிறகுதான் பெரும்பாலானவை தத்தம் மாதத்தில் போய் விழுந்தன.

மீதி கொஞ்சம் பழைய எக்செல் ஷீட்டில் இருந்து வந்தவை. அதில் தேதி வெறும் எழுத்தாக இருந்ததால் 05-04-2024 என்பதை அமெரிக்க முறையில் மே 4 என்று எடுத்துக்கொண்டது. தேதி 12-க்கு மேல் போனால் பிழை காட்டும், கண்டுபிடித்துவிடலாம். 12 வரைக்கும் சத்தமே இல்லாமல் தப்பாகப் போகும், இதுதான் ரொம்ப ஆபத்து. டைப்பை மாற்றும்போது லோக்கேல் (எந்த நாட்டுத் தேதி முறை என்பது) கேட்கிற வழியில் போய் இங்கிலீஷ் இந்தியா என்று கொடுங்கள், நேராகிவிடும். அப்புறம் இதுதான் தேதி டேபிள் என்று பவர் பிஐ-க்குச் சொல்கிற 'மார்க் ஆஸ் டேட் டேபிள்' கொடுத்தேன், மாதப் பெயர்களை மாத எண் வைத்து வரிசைப்படுத்தினேன். அதைச் செய்யாவிட்டால் ஆங்கில எழுத்து வரிசைப்படி ஏப்ரலுக்கு அடுத்து ஆகஸ்ட் வந்து நிற்கும்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் ஆகஸ்ட் குறைவாகத்தான் இருந்தது.

மறுநாள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. 2023-இல் திருவோணம் ஆகஸ்ட் 29, 2024-இல் செப்டம்பர் 15. ஆகஸ்டை ஆகஸ்டோடு ஒப்பிட்டதே தப்பு. போன வருசம் இதே நாள் என்ன விற்றது என்று எடுத்துத் தருகிற ரெடிமேட் ஃபங்ஷனுக்கு ஓணம் தெரியாது, நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். தேதி டேபிளில் 'ஓணத்துக்கு எத்தனை நாள்' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, ஒவ்வொரு தேதியிலிருந்தும் அந்த வருசத் திருவோணத் தேதியைக் கழித்தேன். 2024 செப்டம்பர் 3-க்கு மைனஸ் 12, 2023-இல் அதே மைனஸ் 12 ஆகஸ்ட் 17-இல் விழுகிறது.

மைனஸ் 30 முதல் மைனஸ் 12 வரை இரண்டு வருசத்தையும் இரண்டு கோடாக வரைந்து பக்கத்தில் வைத்தேன். இந்த வருசம் கொஞ்சம் கூடவே இருந்தது! அன்று சாயங்காலமே அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தவர், "அப்போ ஏத்தங்காய் வாங்குறதைக் குறைக்கச் சொன்னது தப்பில்லா" என்று உடனே போனை எடுத்தார்.

2025 திருவோணம் செப்டம்பர் 5. டேபிளை 2026 மார்ச் வரை நீட்டி அந்தத் தேதியையும் போட்டுவிட்டேன்.