எம்.எல்.ஏ.வும் குடுத்தாரா?

மதுரையில் டி.எம்.எல்.டி. என்கிற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படித்துவிட்டு நாலு வருஷம் ஒரு லேபில் இருந்தேன். அங்கே யூரின் சாம்பிள் என்றால் சர்க்கரை, உப்பு, இல்லாவிட்டால் கர்ப்பமா இல்லையா, இவ்வளவுதான். வருகிறவர் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து பாத்ரூம் பக்கம் கை காட்டினால் முடிந்தது. கல்யாணமாகி அமெரிக்கா வந்து, கிரீன் கார்டு கிடைத்து, ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக்கில் சேர்ந்தபோதும் அதே டப்பாதான். ஆனால் கதை வேறு.

வேலையின் பெயர் கலெக்டர். போனில் சொன்னதும் அம்மா பூரித்துப்போனாள், பாவம். நான் கலெக்ட் செய்வது என்ன என்று விளக்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள், கிடங்குகளில் புதிதாகச் சேருகிறவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். போதைப்பொருள் சோதனை. அடையாள அட்டையைப் பார்த்தபின், பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் மேஜைமேல் எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். கைப்பை வெளியிலேயே இருக்கும். கழிப்பறைத் தண்ணீரில் நீலச் சாயம் கலந்து வைத்திருப்போம், அதை மொண்டு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. குழாயையும் அடைத்துவிடுவோம். டப்பாவின் பக்கவாட்டில் ஒரு வெப்பப் பட்டை உண்டு. நாலு நிமிஷத்துக்குள் அது ஃபாரன்ஹீட்டில் 90க்கும் 100க்கும் நடுவே காட்டாவிட்டால், இன்னொருவருடையதை ஒளித்துக் கொண்டுவந்திருப்பாரோ என்று சந்தேகம். அப்புறம் அவர் கண்ணெதிரிலேயே புட்டியில் ஊற்றி, சீல் ஒட்டி, சீலின்மேல் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்வோம். இத்தனைக்கும் நம் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. வேலையிலேயே கஷ்டம் அதுதான்.

சேரும்போது நானும் கொடுத்தேன். முந்தின நாள் ராத்திரி வீட்டில் கசகசா அரைத்துவிட்ட குருமா. கசகசா சாப்பிட்டால் சோதனையில் மார்ஃபின் காட்டக்கூடும் என்று படித்தவள் நான். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது, விடியவிடியத் தூக்கமில்லை. இந்தத் தொல்லைக்காகவே மத்திய அரசின் விதிகளில் மார்ஃபின் போன்ற ஓபியம் வகைக்கான வரம்பை 1998இல் மில்லிக்கு 300 நானோகிராமிலிருந்து 2000க்கு ஏற்றியிருக்கிறார்கள். குருமா தப்பித்தது, எனக்கும் வேலை கிடைத்தது.

2011 ஜூலை 1 அன்று ஃபுளோரிடாவில் ஒரு புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டவர் ஆளுநர் ரிக் ஸ்காட். அங்கே ஆளுநர் என்றால் நம் ஊர் முதலமைச்சர் மாதிரி. ஏழைக் குடும்பங்களுக்கான ரொக்க உதவிக்கு விண்ணப்பிக்கிற பெரியவர்கள் எல்லோரும் போதைப்பொருள் சோதனை செய்துகொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் என்றில்லை, எல்லோருமே. செலவு அவர்களுடையது, இடத்தைப் பொறுத்து 25 டாலரிலிருந்து 45 டாலர்வரை. தேறினால் அரசு திருப்பித் தரும், தேறாவிட்டால் ஒரு வருஷத்துக்கு உதவி கிடையாது. தாய் தேறாவிட்டால் பிள்ளைகளின் பங்கை வேறொருவர் வாங்கிக்கொடுக்கலாம், ஆனால் அவரும் டப்பாவில் பிடித்துக் கொடுத்தாக வேண்டும். இத்தனையும் எவ்வளவு பணத்துக்கு என்றால், மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு அதிகபட்சம் மாதம் 303 டாலர்.

முதல் வாரத்திலேயே எங்கள் வரவேற்பறையின் முகம் மாறிவிட்டது. தள்ளுவண்டிகள், பால் புட்டிகள். ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தார், இருபத்தைந்து வயது இருக்கும். 35 டாலரை ஐந்தும் ஒன்றுமாக எண்ணி வைத்தார். உள்ளே போனார், வெறும் டப்பாவோடு திரும்பி வந்தார். வரவில்லை. பதற்றத்தில் பலருக்கு வராது, அதற்கும் விதி இருக்கிறது: மூன்று மணி நேரத்துக்குள், 40 அவுன்ஸ்வரை தண்ணீர் குடித்துக் காத்திருக்கலாம். எங்கள் கண்பார்வையிலிருந்து போகக் கூடாது. குழந்தை அழுதது. நான் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. அந்தப் பெண் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் காகிதக் கப்புமாக நடந்துகொண்டே இருந்தார்.

"நீங்களும் இதைச் செய்தீர்களா?" என்று கேட்டார்.

"சேரும்போது கொடுத்தேன்" என்றேன். அவரை ஆறுதல்படுத்துவதாக நினைப்பு.

"யார் பணம் கட்டினார்கள்?"

கிளினிக்தான் கட்டியது. சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கப்பை மறுபடி நிரப்பிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மாவுக்குச் சட்டத்தின் மற்ற விவரமெல்லாம் தேவைப்படவில்லை. "ஒண்ணுக்குப் புடிச்சுக் குடுத்தாத்தான் காசா? அப்ப இந்தச் சட்டத்தைப் போட்ட எம்.எல்.ஏ.வும் குடுத்தாராடி? அவரும் கவர்மென்டு காசுதான வாங்குறாரு?"

மறுநாள் லேபில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அப்படிக் கேட்டது அம்மா மட்டுமில்லை. கொஞ்ச நாளில், ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் நிருபர் செய்தியாளர் கூட்டத்திலேயே ஆளுநரிடம் டப்பாவை நீட்டினார். ஆளுநர் வாங்கிக்கொள்ளவில்லை. விஸ்கான்சின் எம்.பி. க்வென் மூர் 2016இல் ஒரு மசோதாவே கொண்டுவந்தார்: வருமான வரியில் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் கழிவு கேட்கிற பணக்காரர்களும் போதைப்பொருள் சோதனைக்கு வரட்டும் என்று. நிறைவேறாது என்பது அவருக்கும் தெரியும்.

நானும் ரொம்ப நாள் அந்தக் கட்சிதான். எல்லோருக்கும் டப்பா, கணக்குச் சரி. ஜார்ஜியா கதையைப் படித்த பிறகுதான் மனசு மாறியது.

ஃபுளோரிடாவுக்கு நேர் மேலே இருக்கிற அந்த மாநிலம் 1990இல் ஒரு சட்டம் போட்டது. சட்டமன்றம், ஆளுநர், நீதிபதி போன்ற பதவிகளுக்குப் போட்டியிடுகிறவர்கள் போதைப்பொருள் சோதனையில் தேறிய சான்றிதழ் தர வேண்டும். மூன்று வேட்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1997இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்று சட்டத்தை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். பதவிக்கு வருகிறவர்களிடம் போதைப் பிரச்சினை இருப்பதாக ஆதாரம் எதுவும் காட்டவில்லை, வெறும் அடையாளத்துக்காக ஒருவருடைய அந்தரங்கத்தைச் சோதிக்க முடியாது என்பது சாரம். இதில் எனக்கு மறுப்பே இல்லை. வேட்பாளருக்குப் பொருந்துகிற அதே நியாயம் அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண்ணுக்கு 2011இல் ஏன் பொருந்தாமல் போனது என்பதுதான் எனக்குப் புரியாதது. தீர்ப்பு வந்து பதினாலு வருஷம் ஆகியிருந்தது.

இதற்கு நடுவில் ஒன்று. ஃபுளோரிடாவின் எம்.பி. ட்ரே ரேடல் 2013 அக்டோபரில் வாஷிங்டனில் மாறுவேடப் போலீசிடம் 3.5 கிராம் கோகேய்ன் வாங்கிப் பிடிபட்டார். அதற்கு முந்தின மாதம்தான், உணவு உதவி வாங்குகிறவர்களை மாநிலங்கள் சோதிக்கலாம் என்ற பிரிவு அடங்கிய மசோதாவுக்கு ஓட்டுப் போட்டிருந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஒரு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, சிகிச்சை, 2014 ஜனவரியில் ராஜினாமா. லேபில் அன்றைக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பழக்கம் பிடித்தவருக்குச் சிகிச்சை கிடைத்தது, நல்லது. எங்கள் சட்டத்தில் தேறாத ஒரு தாய், சொந்தச் செலவில் சிகிச்சை முடித்துக்கொண்டு ஆறு மாசம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. அந்தச் செலவுக்குக் காசு இருந்தால் எங்களிடம் ஏன் வருகிறார்?

எங்களிடம் அந்தக் கூட்டம் நாலு மாசம்கூட நீடிக்கவில்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பித்த ஒருவர் சோதனைக்கு மறுத்து வழக்குப் போட்டார். கடற்படையில் இருந்தவர், மாணவர், தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர். 2011 அக்டோபர் 24 அன்று நீதிபதி மேரி ஸ்க்ரிவன் தடை விதித்தார். அதுவரை மாநிலம் முழுக்கச் சோதிக்கப்பட்டவர்கள் 4,046 பேர். தேறாதவர்கள் 108. நூற்றுக்கு மூன்றுகூட இல்லை, அதிலும் அதிகம் பிடிபட்டது கஞ்சா. தேறியவர்களுக்கு அரசு திருப்பிக் கொடுத்தது மட்டும் 1,18,140 டாலர். எங்கள் கிளினிக்கில் அந்த விண்ணப்பக் கட்டுகளை அட்டைப் பெட்டியில் போட்டு ஸ்டோர் ரூமில் வைத்தோம். மேல்முறையீட்டில் சட்டம் அடியோடு போனது 2014 டிசம்பரில். நான் அதற்குள் ஒரு ஆஸ்பத்திரி லேபுக்கு மாறிவிட்டேன். மறுபடியும் சர்க்கரை, உப்பு.

அந்தத் தீர்ப்பு வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன், சட்டம் செல்லாதுன்னு சொல்லிட்டாங்கம்மா என்று.

"நல்லதாப் போச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப ஏற்கெனவே புடிச்சுக் குடுத்தவங்களுக்கு?"

"அந்த முப்பத்தஞ்சு டாலரை அப்பவே திருப்பிக் குடுத்துட்டாங்கம்மா."

"காசைக் கேக்கலடி" என்றாள் அம்மா.