ஸ்கேன் நார்மல், ஆள்தான் நார்மலாக இல்லை

திருச்சியில் அரிசி மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறார் என் வீட்டுக்காரர். பைக்கில் போனவரைப் பின்னால் வந்த ஆட்டோ இடித்துத் தள்ளியது. ஹெல்மெட் போட்டிருந்தார், தலையில் அடிபட்டுச் சில நிமிடம் நினைவில்லை, அவ்வளவுதான். அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவு கையைக் கடிக்கவில்லை. சிடி ஸ்கேனும் நார்மல். வாந்தியோ வலிப்போ வந்தால் உடனே கூட்டி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வந்தது வேறு. குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொள்வார். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார். அதட்டிக்கூடப் பேசாத மனிதர், டிவி சத்தம் தாங்காமல் ரிமோட்டைச் சுவரில் எறிந்தார். மண்டியில், "ஸ்கேன்தான் நல்லா இருக்கே, அப்புறம் என்ன?" என்றார்கள். அத்தை திருஷ்டி கழித்தார். ஹார்லிக்ஸோடு வரும் சொந்தக்காரர்கள் மணிக்கணக்காகப் பேசிவிட்டுப் போனால் அன்று ராத்திரி தலைவலி நிச்சயம்.

நரம்பியல் டாக்டர்தான் விளக்கினார்: ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் சிடியில் தெரியும், நரம்பிழைகளுக்கு ஏற்பட்ட நுண்ணிய பாதிப்பு பெரும்பாலும் தெரியாது. பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் சரியாகிவிடும், சிலருக்கு இன்னும் இழுக்கும்.

அங்கிருந்து உளவியல் பரிசோதனைக்கு அனுப்பினார். பரிசோதித்த உளவியல் நிபுணர் அம்மா சொல்லும் எண்களைப் பின்னாலிருந்து முன்னால் சொல்ல வேண்டும். மூன்று எண் வந்தது. நான்காவது சேர்ந்ததும் இவர் விரல்களால் மேஜையைத் தட்டினார், உதடு அசைந்தது, விடை வரவில்லை. தினமும் பேரேடு கூட்டுகிற ஆள்! அடுத்த முறை அந்த அம்மா அத்தையையும் அழைத்து வரச் சொல்லி, இது சோம்பேறித்தனமோ நடிப்போ இல்லை என்று புரியவைத்தார். மாத்திரையைவிட எங்கள் வீட்டுக்கு அதுதான் தேவைப்பட்டது. இருட்டறையில் நாள் முழுக்கப் படுக்கவிடாதீர்கள், நடக்கட்டும், தலைவலி கூடினால் நிறுத்தட்டும். விருந்தாளிகளுக்கு நேரம் வையுங்கள் என்றார். உங்களுக்குத் தூக்கம் எப்படி என்று என்னையும் கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை.

காகித விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் நினைவிழந்த விவரமே இல்லை. கேட்டுச் சேர்க்க வைத்தோம். தலைவலி எப்போது வந்தது, எதை மறந்தார் என்று நான் குறித்த நோட்டை டாக்டரும் பார்த்தார், நஷ்டஈட்டு வழக்குக்காக வக்கீலும் கேட்டு வாங்கினார்.

இப்போது அரை நாள் மண்டிக்குப் போகிறார். மாதக் கடைசிக் கணக்கை இன்னொருவர் சரிபார்க்கிறார். அதில்தான் இவருக்கு இன்னும் கோபம்.