தவக்கால நாட்குறிப்பு: அப்பாவின் வீடு

மார்ச் 5, 2025 – திருநீற்றுப் புதன், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் தொடக்கம்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசினார்கள். போன வருடக் குருத்தோலைகளை எரித்த சாம்பல். எங்கள் வீட்டுச் சுரூபத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஓலையும் அதில் சேர்ந்திருக்கும். இன்று ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். அது பெரிய விஷயமில்லை. இந்த வருடம் எனக்கு வந்திருக்கும் சோதனை வயிற்றைப் பற்றியது அல்ல.

பாளையங்கோட்டையில் அப்பாவின் வீடு இருக்கிறது. அப்பா உயில் எழுதவில்லை. அம்மாவும் போய்விட்டாள். மிச்சம் நானும் தங்கையும்தான். மதியம் சித்தப்பா வந்திருந்தார். "அவளுக்குத்தான் நகை போட்டு, செய்முறை எல்லாம் செஞ்சு கட்டிக்கொடுத்தாச்சே. பங்கு வேண்டாம்னு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிரு. கேட்டா கையெழுத்துப் போட்டுருவா" என்றார்.

போட்டுவிடுவாள், அதுதான் சிக்கல். அந்த இடம் இன்றைக்கு என்ன விலை போகும் என்று மதுரையில் இருக்கும் அவளுக்குத் தெரியாது.

மார்ச் 7, வெள்ளி

சுத்தபோசனம் என்பதால் வீட்டில் கறி இல்லை, சீலா மீன் குழம்பு. கறியைவிட விலை அதிகம். திருச்சபைச் சட்டப்படி இதில் தப்பு ஒன்றும் கிடையாது. நாமும் கேட்டுக்கொள்வதில்லை.

மாலை சிலுவைப் பாதை, இயேசுவின் பாடுகளை ஸ்தலம் ஸ்தலமாக நினைத்துச் செபிப்பது. மூன்றாம் ஸ்தலத்தில் இயேசு முதல் முறை விழுகிறார். நான் முழங்காலில் இருந்தபடியே சென்ட் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழாம் ஸ்தலத்துக்குள் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கும் விட்டாயிற்று.

மார்ச் 9 – தவக்காலம் முதல் ஞாயிறு

இன்றைய நற்செய்தி லூக்கா 4, பாலைவனச் சோதனை. மூன்றாவது சோதனையில் சாத்தானே மறைநூல் வசனம் சொல்கிறான். கோவில் உச்சியில் இயேசுவை நிறுத்தி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், கீழே குதி என்கிறான். திருப்பாடல் 91-இல் உள்ள வரிகள் அவை. இன்று பதிலுரைப் பாடலும் அதே 91தான்! அந்தத் திருப்பாடலை வாசலிலோ வண்டியிலோ ஒட்டாத கிறிஸ்தவ வீடு எங்கள் பக்கம் குறைவு. சாத்தானுக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கிறது.

இயேசு மூன்று முறையும் பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூலிலிருந்தே பதில் சொல்கிறார். வாதம் வளர்ப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அவ்வளவுதான். கடைசியில் சாத்தான் தோற்று ஓடினான் என்றும் லூக்கா எழுதவில்லை. ஏற்ற காலம் வரும்வரை விலகிப் போனான் என்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவியைப் பற்றிப் படித்தேன். மனதைக் கெடுக்கும் எண்ணங்கள் எட்டு என்று வகுத்தவர் அவர். பொருளாசை பற்றி அவர் சொன்னது சுரீரென்று பட்டது. அது தங்கத்தைக் காட்டி மயக்குவதில்லையாம். நீண்ட முதுமை வரும், உடம்பு ஓடாது, நோய் வரும், அடுத்தவரிடம் கைநீட்டி நிற்கும் வெட்கம் வரும் என்றுதான் காதில் ஓதுமாம். எனக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. ஓதுவது நன்றாகவே கேட்கிறது.

அவருடைய வழியும் பாலைவனத்தில் இயேசு செய்ததுதான்: எண்ணம் வந்ததும் அதற்கு எதிரான வசனத்தைச் சொல்வது. அவருக்குப் பின் வந்த காசியான் என்ற துறவி, எதற்கும் ஒரே வரி போதும் என்று திருப்பாடல் 70-இன் தொடக்கத்தைக் காட்டினார். "எனக்கு உதவி செய்ய விரைந்து வாரும்." பஸ்ஸில் சொல்லிப் பார்க்கிறேன். எண்ணம் போகவில்லை. ஆனால் அடுத்த கணக்குக்குப் போகாமல் கொஞ்சம் தயங்குகிறது.

மார்ச் 30 – நான்காம் ஞாயிறு

ஊதாரி மைந்தன் உவமை. சொத்தில் என் பங்கைத் தாரும் என்று இளைய மகன் கேட்பதில் தொடங்கும் கதை! என் தங்கை அதைக்கூடக் கேட்கவில்லை. கூடவே இருந்த மூத்த மகனிடம் தந்தை, என்னுடையதெல்லாம் உன்னுடையதே என்கிறார். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவன் நான். நமக்கென்றே எழுதிய வசனம் என்று மனம் குதித்தது. வீடு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், கோவில் உச்சியில் வசனம் சொன்னவன் ஞாபகத்துக்கு வந்தான்.

ஏப்ரல் 4, வெள்ளி

பத்திரம் எழுதுபவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். உயில் இல்லாவிட்டால் கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்தானாம். மகன், மகள் என்ற பேதம் இல்லை. எங்களுக்கு ஆளுக்குப் பாதி.

இரவு செபமாலை முடிந்து எல்லோரும் படுத்த பிறகு தனியாக உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் வேண்டியதை நேராகவே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "ஆண்டவரே, என் தங்கைக்கு விலை தெரிவதற்குள்…" என்று வாய்விட்டுத் தொடங்கினேன். மேலே வார்த்தை வரவில்லை. ஒரு மாதமாக மனதுக்குள் சரளமாக ஓடிய பேச்சு அது.

ஏப்ரல் 13 – குருத்து ஞாயிறு

பாடுகளின் வாசிப்பு லூக்காவிலிருந்து. ஒலிவ மலையில் இயேசு சீடர்களிடம், சோதனைக்கு உட்படாதிருக்க வேண்டுங்கள் என்று இரண்டு முறை சொல்கிறார். அவர்கள் தூங்கிவிடுகிறார்கள்.

மதியம் தங்கைக்குப் போன் போட்டேன். வீட்டின் விலையைச் சொன்னேன். சட்டப்படி பாதி அவளுக்கு என்றும் சொன்னேன். "எனக்கு எதுக்குண்ணே" என்று சொல்லிவிடுவாள் என ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன் போல.

அவள் அப்படிச் சொல்லவில்லை. "சரிண்ணே. பெரிய வியாழன் பூசைக்கு நாங்க வர்றோம். மூலப் பத்திரம் ஒரு நகல் எடுத்து வைங்க, அவங்களும் பார்க்கணும்ங்கிறாங்க" என்றாள்.

என்னை நம்பவில்லையா என்று சுள்ளென்று கோபம் வந்தது. நாளைக்கு ஜெராக்ஸ் எடுக்க வேண்டும்.